கம்பம் பள்ளத்தாக்கு பன்னீர் திராட்சை: தோட்டத்துக்குள் வானிலைக் கருவி வைத்தவர்கள் சொல்லுங்கள்

மலையடித்தோட்டம் (காமயகவுண்டன்பட்டி)

எல்லோருக்கும் வணக்கம். மலையடிவாரத்தை ஒட்டி எங்களுக்கு இரண்டரை ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. அப்பா போட்ட பந்தல். இப்போது நான்தான் பார்க்கிறேன்.

என் கவலை மருந்தடிப்புதான். கவாத்து முடிந்து துளிர் விட்ட நாளிலிருந்து காய் பட்டாணி அளவுக்கு வரும்வரை நாள் கணக்கு வைத்து அடித்துக்கொண்டே இருக்கிறோம். மேகம் கட்டினால் இன்னொரு தடவை. இவ்வளவு அடித்தும் போன ஐப்பசியில் பூ எடுத்த நேரத்தில் அடிச்சாம்பல் நோய் வந்து கொத்துக் கொத்தாகக் காய்ந்துவிட்டது. அதற்கு முந்தின கோடைக் காய்ப்பிலோ, அடித்த மருந்தில் பாதி தேவையே இல்லையோ என்று தோன்றுகிறது. தேவை எது, வீண் எது என்று எனக்குத் தெரியவில்லை.

போனில் வரும் முன்னறிவிப்பை நம்ப முடியவில்லை. கம்பத்துக்கு மழை என்று போடும். எங்கள் பக்கம் தூறல்கூட இருக்காது. குமுளிப் பக்கமிருந்து சாரல் இறங்கி எங்கள் பந்தல் நனைந்து கிடக்கும் நாளில், கம்பத்தில் வெயில் என்று காட்டும்.

இந்த நிலையில் ஒரு கம்பெனிக்காரர் வந்து சோலாரில் ஓடும் வானிலைக் கருவி வைக்கச் சொல்கிறார். விலை நாற்பதாயிரத்தைத் தாண்டுகிறது. அப்புறம் வருடாவருடம் சந்தா. வைத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: இரண்டரை ஏக்கருக்கு இது கட்டுமா? அதில் வரும் நம்பரை வைத்து நாளை காலையில் நான் என்ன செய்ய வேண்டும்? இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் அவரிடம் பதில் இல்லை.

சுருளிப்பட்டி பந்தல்

தம்பி, நீங்கள் இரண்டாவதாகக் கேட்டதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் கிடைத்தால் கட்டுமா கட்டாதா என்பது தானாகத் தெரிந்துவிடும். நான் கருவி வைத்திருக்கிறேன், பயனும் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

விற்பவர்கள் காற்று, வெயில், மழை, மண் ஈரம் என்று பத்து அளவைக் காட்டுவார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் பன்னீருக்கு அடிச்சாம்பலைத் தடுக்க எனக்கு வேண்டியது இரண்டே இரண்டு: இலை எத்தனை மணி நேரம் நனைந்து கிடந்தது, அந்த நேரத்தில் வெப்பம் என்ன. மழை அளவு அதற்கு அடுத்துத்தான்.

ஏன் என்று சொல்கிறேன். அடிச்சாம்பல் பூசணம் இரவில் வேலை செய்கிறது. ஏற்கெனவே நோய் பட்ட இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளையாக வித்து கட்டுவதற்கு அதற்கு இருட்டு வேண்டும், குறைந்தது நான்கு மணி நேரமாவது காற்றின் ஈரப்பதம் 95 சதத்துக்கு மேல் நிற்க வேண்டும். அந்த வித்து பக்கத்து இலையில் போய் விழுந்தால் மட்டும் போதாது. இலையில் தண்ணீர் இருந்தால்தான் அது நீந்திப் போய் இலையடியில் இருக்கும் துளை வழியாக உள்ளே நுழையும். நனைந்த மணி நேரத்தை அப்போதைய வெப்பத்தால் பெருக்கிப் பாருங்கள். 50-ஐத் தாண்டினால் நுழைவதற்கு நேரம் கிடைத்துவிட்டது என்று கணக்கு. 20 டிகிரியில் இரண்டரை மணி நேரமே போதும். மார்கழியில் அதிகாலை 4 மணிக்கு விழும் பனி 8 மணிவரை இலையில் நின்றால் கணக்கு 80 ஆகிறது. ஒரு சொட்டு மழை இல்லாமலே நோய் உள்ளே போய்விடும். போன் முன்னறிவிப்பைப் பார்த்து "மழை இல்லை" என்று நிம்மதியாக இருக்கும் நாள்தான் நம்மைக் கவிழ்க்கும் நாள்.

முதல் தாக்குதலுக்கு வெளிநாட்டில் ஒரு பழைய விதி உண்டு: துளிர் 10 செ.மீ. நீளம், வெப்பம் 10 டிகிரிக்கு மேல், ஒன்றிரண்டு நாளுக்குள் 10 மி.மீ. மழை, இந்த மூன்றும் சேர்ந்தால் உஷார். குளிர்காலத்தில் கொடி உறங்கும் ஊர்களுக்கு அது சரி. நம் பள்ளத்தாக்கில் 10 டிகிரிக்குக் கீழே எங்கே போகிறது? அதோடு இங்கே வருடம் பூராவும் கவாத்து. நீங்கள் இன்று கவாத்து செய்தால் பக்கத்துப் பந்தலில் பூ இருக்கும், அதற்கடுத்ததில் பழம் தொங்கும். வித்து எப்போதும் பக்கத்திலேயே தயாராக இருக்கிறது. அதனால் நமக்கு மழையைவிட இரவு ஈரம்தான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

சரி, காலையில் என்ன செய்வது? ஏழு மணிக்குப் போனில் முந்தின இரவைப் பார்ப்பேன். ஈரப்பதம் 95-ஐத் தொடவில்லை, இலை ஈரத் தகடு (இலை மாதிரியே நனைந்து காய்ந்து, ஈரம் நின்ற நேரத்தைக் காட்டும் தகடு) காய்ந்தே இருந்தது என்றால் அன்றைக்கு அடிச்சாம்பலுக்கு மருந்து கிடையாது. அட்டவணைப்படி நாள் வந்திருந்தாலும் தள்ளிப்போடுவேன். நனைந்திருந்து, கணக்கும் தாண்டியிருந்தால் இரண்டு விஷயம் பார்ப்பேன். கடைசியாக அடித்த தொடுமருந்து இன்னும் இலையில் இருக்கிறதா? அதற்குப் பிறகு புதிதாக எத்தனை இலை வந்திருக்கிறது? மாங்கோசெப் மாதிரி மேலே படியும் மருந்தை 25 மி.மீ. மழை பாதியாவது கழுவிவிடும், 50 மி.மீ. பெய்தால் ஒன்றும் மிஞ்சாது என்று வைத்துக்கொள்ளலாம். மழைமானிக்கு அங்கேதான் வேலை. பாதுகாப்பு போய்விட்டது, நோயும் நுழைந்திருக்கும் என்றால் மட்டும் ஊடுருவும் மருந்து, அதுவும் ஓரிரு நாளுக்குள். புள்ளி தெரிந்த பிறகு அடிப்பதில் பலன் குறைவு. ஊடுருவும் மருந்தையே திரும்பத் திரும்ப அடித்தால் பூசணம் அதற்குப் பழகிக்கொள்ளும். அதைக் காப்பாற்றி வைத்துக்கொள்ளத்தான் இந்தக் கணக்கெல்லாம்.

கோடையில் கதை மாறும். பங்குனி, சித்திரையில் இலை காய்ந்தே கிடக்கும். அடிச்சாம்பலுக்கு அடிப்பதை அநேகமாக நிறுத்திவிடலாம். ஆனால் மேல் சாம்பல் நோய்க்கு இலை நனையவே வேண்டியதில்லை. 21 முதல் 30 டிகிரிக்குள் தொடர்ச்சியாக ஆறு மணி நேரம், அப்படி மூன்று நாள் அடுத்தடுத்து வந்தால் அது பெருகத் தொடங்கும் என்று கலிபோர்னியாவில் திராட்சைக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 35 டிகிரிக்கு மேல் போனால் அடங்கும். நம் ஊரில் நண்பகல் வெப்பம் அதைத் தாண்டிவிட்டாலும் இரவும் காலையும் அந்த அளவுக்குள் வந்துவிடும், ஏமாந்துவிடக் கூடாது. அதற்கு நனையும் கந்தகம் அடிக்கும்போதும் வெப்பமானியைப் பாருங்கள். 32 டிகிரிக்கு மேல் அடித்தால் இலை கருகும், இளம் காய்மேல் தழும்பு விழும். பன்னீருக்குத் தோல் மெல்லிசு.

இப்போது மிக முக்கியமானது: எங்கே மாட்டுவது. என் தோட்டத்துக்கு முதலில் வந்தவர்கள் எல்லாவற்றையும் மோட்டார் ரூம் மேலே ஒரே கம்பத்தில் மாட்டிவிட்டுப் போனார்கள். சோலாருக்கு வெயில் வேண்டுமாம். மேலே இருந்த இலை ஈரத் தகடு ஏழு மணிக்கெல்லாம் காய்ந்துவிடும். அதே நேரம் பந்தலுக்குள் போய்க் கொத்துக்குப் பக்கத்து இலையைத் தொட்டால் விரல் நனையும், ஒன்பது மணிக்கும் நனையும். இந்த இரண்டு மணி நேர வித்தியாசத்தில்தான் நோய் நுழைகிறது. பலமுறை சொல்லியும் அவர்கள் மாற்றவில்லை. கடைசியில் நானே ஒயரை நீட்டி, தகட்டைப் பந்தல் கம்பியில், இலைகளுக்கு நடுவில், இலை சாய்ந்திருக்கும் சாய்வில் கட்டினேன். வாய்க்கால் ஓரத்து மூலையில், தோட்டத்திலேயே கடைசியாகக் காயும் இடத்தில். அங்கே காய்ந்துவிட்டது என்றால் வேறு எங்கும் ஈரம் இருக்காது. வெப்ப, ஈரப்பதப் பெட்டியும் பந்தலடியில்தான் இருக்க வேண்டும். வெயில் நேரடியாகப் படாமல், காற்று ஊடே போகிற மாதிரி. மழைமானி மட்டும் வெட்டவெளியில். பக்கத்தில் மரமோ கட்டிடமோ இருந்தால் அதன் உயரத்தைப் போல இரண்டு பங்காவது தள்ளி வையுங்கள்.

விற்க வருபவரிடம் கேட்க வேண்டியதும் இதுதான். இலை ஈரத் தகடு இருக்கிறதா? அதைத் தனி ஒயரில் பந்தலுக்குள் கொண்டுபோகலாமா? மணிவாரி விவரத்தை நானே இறக்கிக்கொள்ள முடியுமா, சந்தா நின்றால் பழைய விவரமும் போய்விடுமா? மூன்றுக்கும் சரியான பதில் வராவிட்டால் பணத்தை எடுக்காதீர்கள்.

கூடலூர் ஏலத்தோட்டம்

நான் திராட்சைக்காரன் இல்லை. வீடு கூடலூர், ஏலக்காய்த் தோட்டம் மேலே வண்டன்மேட்டுப் பக்கம். ஆனாலும் சொல்ல ஒன்று இருக்கிறது.

மலைமேல் பழைய எஸ்டேட்டுகளில் மழைப் பதிவேடு எழுதும் பழக்கம் இன்னும் இருக்கிறது. காலையில் மழைமானியைப் பார்த்து இஞ்ச் கணக்கில் நோட்டில் எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை. நானும் எழுதுகிறேன். 2024 கோடையில் இடுக்கி முழுக்க ஏலம் காய்ந்து நின்றதே, அந்த வருடம் எனக்கு அந்த நோட்டு ரொம்ப உதவியது. மற்ற வருடங்களில் மாசியிலிருந்து வைகாசிவரை எந்தெந்த மாதம் எவ்வளவு கோடைமழை என்று திருப்பிப் பார்த்தேன். இந்த முறை குளத்துத் தண்ணீர் எட்டாது என்று முன்கூட்டியே புரிந்துபோனது. இருக்கிற தண்ணீரைத் தோட்டம் முழுக்கப் பரப்பாமல், நிழல் நன்றாக இருந்த பகுதிக்கு மட்டும் கொடுத்துக் காப்பாற்றினோம். மற்றது போனது போனதுதான்.

எங்களுக்கு அழுகல் நோய் தென்மேற்குப் பருவமழையோடு வரும். துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை மழை பிடிக்குமுன் ஒரு தடவை அடித்தாக வேண்டும். மழை பிடிப்பது எப்போது என்பதற்கு வானிலைத் துறையின் முன்னறிவிப்பைப் பார்க்கிறேன், பிடித்த பிறகு என் மழைமானியைப் பார்க்கிறேன். இரண்டும் வேண்டும். வரப்போவதைக் கருவி சொல்லாது, வந்துபோனதைத்தான் சொல்லும்.

தம்பிக்கு ஒரு வார்த்தை: வானிலைத் துறையில் ஒரு நாள் மழை என்பது காலை 8.30-க்கு முடிகிறது. உங்கள் மழைமானியையும் அதே நேரத்துக்குப் பாருங்கள். இல்லாவிட்டால் ஊர்க் கணக்கோடு ஒப்பிடவே முடியாது.

மலையடித்தோட்டம் (காமயகவுண்டன்பட்டி)

சுருளிப்பட்டி அண்ணே, கூடலூர் ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. கம்பெனிக்காரரிடம் கேட்டேன். இலை ஈரத் தகடு தனியாக வாங்க வேண்டுமாம், விலை கூடும். இந்தக் காய்ப்பு முடிந்து கைக்குக் காசு வந்தால்தான் யோசிக்க முடியும்.

இன்னும் இரண்டு கேள்வி. அதுவரை கையாலேயே ஏதாவது அளக்க முடியுமா? எங்கள் வரிசையில் மூன்று தோட்டம் அடுத்தடுத்து இருக்கிறது. ஒரே கருவியை மூன்று பேரும் சேர்ந்து வாங்கினால் போதுமா? கவாத்து மட்டும் மூன்று பேருக்கும் வேறு வேறு தேதி.

ஓடைப்பட்டி சொட்டுநீர்

எல்லோரும் நோயைப் பற்றியே பேசுகிறீர்கள். தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் விதையில்லாத் திராட்சை, தண்ணீர் கிணற்றில் எண்ணி எடுக்கிற தண்ணீர்.

கருவியில் நீர் ஆவியாகும் அளவு என்று ஒன்று வரும், மில்லிமீட்டரில். அதை அப்படியே பாய்ச்சக் கூடாது. கவாத்து முடிந்து இலை இல்லாத நாளில் அதை 0.3-ஆல் பெருக்க வேண்டும், பந்தல் மூடிய பிறகு 0.85-ஆல். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. என்பது 4,000 லிட்டர் சொச்சம். ஆவியாவது 5 மி.மீ. என்றால் கவாத்தான புதிதில் ஏக்கருக்கு நாளைக்கு 6,000 லிட்டர் போதும். அதே 5 மி.மீ. நாளில் மூடிய பந்தலுக்கு 17,000 லிட்டர் வேண்டும். இரண்டுக்கும் ஒரே மணி நேரம் மோட்டார் ஓட்டுவது எங்கள் ஊரில் சர்வ சாதாரணம். முதலில் சொன்னதில் வீணாகிறது, இரண்டாவதில் கொடி வாடுகிறது.

பழம் நிறம் ஏறும்போது இன்னும் கவனம் வேண்டும். காயவிட்டுவிட்டுத் திடீரென்று தண்ணீர் கொடுத்தாலோ மழை அடித்தாலோ பழம் வெடிக்கும். வெடித்த கொத்தைக் கேரள வியாபாரி தொடக்கூட மாட்டார்.

சுருளிப்பட்டி பந்தல்

தம்பி, கையால் தாராளமாக முடியும். கருவி வாங்கினாலும் முதல் காய்ப்புக்கு இதையும் செய்யுங்கள். அப்போதுதான் கருவி சொல்வது சரியா என்று தெரியும்.

ஈரக்குமிழ், உலர்க்குமிழ் வெப்பமானி என்று இரட்டையாக ஒன்று கிடைக்கும். விலை ஆயிரத்தைச் சுற்றித்தான் இருக்கும். ஒரு குமிழில் பருத்தித் திரி சுற்றி அதன் வால் தண்ணீர்க் குப்பியில் கிடக்கும். பந்தலடியில் உங்கள் நெஞ்சு உயரத்தில் கட்டுங்கள். விடியும் முன்னால் போய்ப் பாருங்கள். உலர்க்குமிழ் 24, ஈரக்குமிழ் 23 என்றால் ஈரப்பதம் 92 சதம் பக்கம். வித்தியாசம் அரை டிகிரிக்கு வந்துவிட்டால் 96 சதம், அடிச்சாம்பலுக்கு ஏற்ற இரவு. குப்பிக்குப் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்புப் படிந்து திரி விறைத்துவிடும், அப்புறம் தண்ணீரே ஏறாது. வித்தியாசம் குறைந்து, ஈரம் அதிகம் என்று தப்பாகக் காட்டும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், திரியை அவ்வப்போது மாற்றுங்கள்.

இலை ஈரத்துக்கு ஒரு டிஷ்யூ பேப்பர் போதும். கொத்துக்குப் பக்கத்து இலையின் அடியில் ஒற்றி எடுங்கள். விடியலில் ஒரு தடவை, ஏழரைக்கு ஒரு தடவை, ஒன்பதுக்கு ஒரு தடவை. பேப்பரில் ஈரம் எப்போது நின்றது என்று எழுதுங்கள். அதே வரியில் கவாத்து ஆகி எத்தனையாவது நாள் என்பதையும் எழுதுங்கள். இதை விட்டால் எழுதுவதில் அர்த்தமே இல்லை. ஒரே ஈர இரவு, துளிர் விட்ட பதினைந்தாம் நாளில் வந்தால் இலைக்கு ஆபத்து, பூவிலும் பிஞ்சிலும் வந்தால் மகசூலுக்கே ஆபத்து, பழம் நிறம் ஏறிய பிறகு வந்தால் அழுகலைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு சோதனையும் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. இலையின் மேலே மஞ்சளாக எண்ணெய்ப்புள்ளி தெரிந்து, அது அடிச்சாம்பலா வேறு ஏதாவதா என்று சந்தேகம் வந்தால் அந்த இலையைக் கிள்ளி, நனைத்துப் பிழிந்த செய்தித்தாளோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போடுங்கள். இரவு வீட்டுக்குள் இருட்டில் வையுங்கள். காலையில் பிரித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். புள்ளிக்கு நேர் கீழே, நரம்புக்கு இடைப்பட்ட இடத்தில், உப்புத் தூவின மாதிரி வெள்ளை நின்றால் அடிச்சாம்பல்தான், அதுவும் உயிரோடு இருக்கிறது. மருந்து அடித்து நான்கைந்து நாள் கழித்தும் இதே சோதனையைச் செய்யலாம். பழைய புள்ளியில் வெள்ளை வராவிட்டால் மருந்து கேட்டிருக்கிறது.

மூன்று பேர் சேர்ந்து வாங்குவது பற்றி. மழை, காற்று, வெப்பம் மூன்றையும் பகிர்ந்துகொள்ளலாம், அடுத்தடுத்த தோட்டம் என்றால் பெரிய வித்தியாசம் வராது. காற்று அளவு மருந்தடிக்கும் நேரத்துக்கு உதவும். ஆடிக் காற்றில் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் அடித்தால் மருந்து பக்கத்துத் தோட்டத்துக்குத்தான் போகும். இலை ஈரம் மட்டும் பகிர முடியாது. புதிதாகக் கவாத்து செய்த பந்தலில் காற்று ஊடே போய்ச் சீக்கிரம் காய்ந்துவிடும். மூடிய பந்தலில் நேரம் பிடிக்கும். அதனால் கருவி ஒன்று, தகடு மூன்று என்று கேட்டுப் பாருங்கள். தகட்டின் விலை கருவியில் ஒரு சிறு பங்குதான்.

வாங்கிய பிறகு பராமரிப்பு உங்கள் வேலை. கம்பெனி ஆள் கூப்பிட்டால் வருவதற்குள் காய்ப்பே முடிந்துவிடும். தகட்டின் மேல் துத்தமும் சுண்ணாம்பும் படிந்தால் அது காய்ந்த இலையையும் ஈரம் என்று சொல்லும். மருந்தடித்த மறுநாள் மெல்லிய துணியால் தண்ணீர் தொட்டுத் துடையுங்கள். மழைமானிப் புனலில் சருகு அடைக்கும், குளவி மண்கூடு கட்டும். அடைத்துவிட்டால் எவ்வளவு கொட்டினாலும் 0 என்றே காட்டும், நீங்களும் மருந்து கழுவிப் போகவில்லை என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். மழைக்காலம் தொடங்குமுன் அளந்து ஒரு லோட்டா தண்ணீரை மெதுவாக ஊற்றி, எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள்.

முன்னறிவிப்புக்கு மேகதூத் செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். செவ்வாயும் வெள்ளியும் வேளாண் ஆலோசனை வரும். நோய் விஷயத்தில் சந்தேகம் வந்தால் கவரில் போட்ட அந்த இலையை அப்படியே ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்கு எடுத்துப் போங்கள், உங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. நோட்டையும் எடுத்துப் போங்கள். கவாத்துத் தேதி, ஈர இரவுகள், அடித்த மருந்து மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தால் அவர்களும் உடனே சொல்லிவிடுவார்கள்.

மலையடித்தோட்டம் (காமயகவுண்டன்பட்டி)

அண்ணே, வெப்பமானி வாங்கிவிட்டேன். பக்கத்துத் தோட்டத்து மாமாவும் தகட்டுக்குப் பணம் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். இந்தக் கவாத்திலிருந்து எழுதத் தொடங்குகிறேன். பூ எடுக்கும் நேரத்தில் நோட்டை இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.